பதினொன்றாவது மேகசின்

வெண்டல் பர்டி சரளைக்கல் தரையில் குனிந்து எடுத்த, துப்பாக்கிக் குண்டு அடைக்கும் மேகசின் அவனுடையதல்ல. ஆர்லோ பிக்கெட்டுடையது. ஆறு குண்டும் தீர்ந்ததும் கைத்துப்பாக்கியின் பிடிக்குள்ளிருந்து அதை நழுவவிட்டு, இடுப்பிலிருந்த இன்னொன்றைச் செருகி, மிச்சமிருந்த இரும்புத் தகடுகளையும் சாய்த்துவிட்டு ஆர்லோ ஒதுங்கி நின்றார். கீழே கிடக்கும் காலி மேகசினை அடுத்துச் சுடப்போகிறவன் எடுத்துத் தூசி தட்டிக் கொடுக்க வேண்டும் என்பது ஹாலோ க்ரீக் துப்பாக்கி கிளப்பின் மரியாதை. சுடுவது பெயர் வரிசைப்படி. பிக்கெட்டுக்கு அடுத்தவன் பர்டி. ஆகவே மாதத்துக்கு ஒருமுறை ஆர்லோவின் காலடியில் குனிந்து நிமிர்வது வெண்டலின் தலையெழுத்தாகிவிட்டது.

தூசி தட்டுகிற சாக்கில் மேகசினின் அடித்தகட்டைத் திருப்பிப் பார்த்தான். வெள்ளை மையில் 11 என்று எழுதியிருந்தது.

வெண்டல் அதை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தான். பதினொன்றேதான்.

கிளப்பில் எல்லோரும் மேகசினுக்கு எண் போடுவார்கள். முதலில் வாங்கியது ஒன்று, அடுத்தது இரண்டு. நடுவில் ஒன்று சிக்கிக்கொண்டு மானத்தை வாங்கினால், எது என்று கண்டுபிடித்துத் தூக்கிப்போட வசதி. வெண்டலிடம் ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் இருந்தது. போட்டிக்கு வேண்டியது இரண்டு, ஒன்று கெட்டுப்போனால் என்று ஒன்று, அதுவும் கெட்டுப்போனால் என்று இன்னொன்று. இருபது வருஷமாக இந்தக் கணக்கில் அவன் நிம்மதியாகத் தூங்கி எழுந்துகொண்டிருந்தான்.

"மன்னிக்கணும் வெண்டல். உங்கள குனிய வச்சுட்டேன்," என்றார் ஆர்லோ.

"அதுக்கென்ன வாத்தியாரே."

ஆர்லோ ஏதோ ஒரு மாநிலத்தில் பள்ளிக்கூட பேண்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, மூன்று வருஷம் முன்னால்தான் வயோமிங்குக்கு வந்தவர். ஒல்லி. பதவிசு. சுடும்போது வாய்க்குள் ஏதோ தாளம் முனகுவார், குறி தப்பினால் தகட்டிடம் மன்னிப்புக் கேட்பார். ஊரில் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது. வெண்டலின் மனைவி ட்ரூடிகூட, 'வாத்தியார் எவ்வளவு தன்மையா பேசறார்' என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். வீடு வீடாக லாரியில் போய் எரிவாயுத் தொட்டி நிரப்புகிற வெண்டலைப் பார்த்து அப்படி யாரும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

இத்தனை நாளும் அவன் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், துப்பாக்கியில் ஆர்லோ தனக்கு ஈடில்லை என்பதுதான். பன்னிரண்டு தகடு, நடுவில் ஒரு மேகசின் மாற்றல், இதுதான் கிளப்பின் பழைய பந்தயம். செப்டம்பர் மாதப் போட்டியில் யார் முதலோ அவர் அந்த வருஷத்துச் சாம்பியன். நாலு வருஷம் தொடர்ந்து வெண்டல்தான். ஐந்தாவது வருஷமும் ஜெயித்தால் மைதானத்து வாசலிலிருக்கும் இரும்பு வளைவில் அவன் பெயரைப் பற்றவைப்பார்கள். அந்த வளைவில் இதுவரை கிளப்பை ஆரம்பித்த ஓட்டிஸ் கிழவரின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. போன மே மாதம் வெண்டல் பந்தயத்தை முடித்த வேகத்தைப் பார்த்து, வெல்டர் அவன் பெயருக்கான எழுத்துகளை இப்போதே தகரத்தில் வெட்டி வைத்துவிட்டதாகவும் கேள்வி.

இப்போது ஜூன். சுடும் கோட்டில் நின்றவன் மனசில் தகடு இல்லை, பதினொன்றுதான் இருந்தது. கையில் எடுத்தது பதினொன்றாவது என்றால், வீட்டில் குறைந்தது பத்து இருக்கிறது. அதற்கு மேலும் இருக்கலாம். ஒரு பேண்டு வாத்தியாருக்கு எதற்குப் பதினொன்று? மணி அடித்தது. மேகசின் மாற்றும் இடத்தில் ஒரு கணம் மாற்றுவதையே மறந்து, காலித் துப்பாக்கியால் தகட்டைக் குறிபார்த்துக்கொண்டு நின்றான்.

நேரம் பார்த்துக் கரும்பலகையில் எழுதுகிறவள் மேவிஸ். ஊரில் தீவனக்கடையும் துப்பாக்கிக்கடையும் அவளுடையதே. புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்கள் அவளுக்குப் பிடிக்காது, முழு வினாடிதான். எழுதிவிட்டு, மே மாதத்தைவிட மூணு செகண்டு கூட என்று முகத்தைச் சுளித்தாள். அன்றைக்கு ஆர்லோ முதல். வெண்டல் இரண்டாவது.

ஆர்லோவிடமே எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒருவனிடம் எத்தனை மாடு என்று கேட்கக்கூடாது, எத்தனை ஏக்கர் என்று கேட்கக்கூடாது. எத்தனை துப்பாக்கி, எத்தனை மேகசின் என்பதும் அந்தப் பட்டியலில்தான் சேரும். கேட்டால், பார்த்துப் பொறாமைப்படுகிறான் என்றாகிவிடும். வெண்டல் பொறாமைதான் பட்டான். ஆனால் அது வெளியே தெரியவேண்டாமே.

அதனால் மேவிஸின் கடைக்குப் போனான். காபி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம், யாருக்கோ கேட்பதுபோல, ஒரு துப்பாக்கிக்கு உபரியாக எத்தனை மேகசின் இருந்தால் சரி என்று ஆரம்பித்தான். ஒருத்தர் மூன்று என்றார். ஒருத்தர் பத்து என்றார், மேகசினும் காலுறை மாதிரி காணாமல் போகுமாம். முன்பு சர்ச்சில் ஆர்கன் வாசித்த பெண்மணி, தன்னிடம் ஆறு இருப்பதாகவும் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை என்றும் சொன்னாள்.

"நான் கடைக்காரி. என்னக் கேட்டா, இப்ப இருக்கறதோட இன்னும் ஒண்ணு," என்றாள் மேவிஸ்.

வெண்டல் எட்டு வாங்கினான். மொத்தம் பன்னிரண்டு. அன்று மாலை வெள்ளை மையால் பன்னிரண்டு வரை எண் போட்டபோது பல நாள் கழித்து அவனுக்குப் பசித்தது.

வாங்கினால் மட்டும் போதுமா? ஆர்லோவின் கண்ணில் பட வேண்டும். ஜூலை போட்டிக்குப் பன்னிரண்டையும் குண்டு நிரப்பி இடுப்புப் பட்டையில் சுற்றிலும் மாட்டிக்கொண்டு போனான். கார் கதவு வழியாக இறங்கவே கொஞ்சம் சிரமமாக இருந்தது. ஆர்லோ பார்த்தார், சிரித்தார், வெயில் அதிகம் என்றார். அவ்வளவுதான். பிறகு தன் முறைக்குச் சுட்டார், மேகசினை நழுவவிட்டார்.

வெண்டல் குனிந்தான். பட்டை விலாவில் குத்தியது. அடித்தகட்டைத் திருப்பினான்.

14.

பன்னிரண்டுக்கு இரண்டு அதிகம். அதோடு மேகசினிலிருந்து ஒரு நெடி வந்தது. எங்கேயோ முகர்ந்த நெடி, என்னவென்று பிடிபடவில்லை. பிடிபடாத எரிச்சலோடு கோட்டுக்குப் போனான். மணி அடித்து மூன்றாவது தகடு விழுந்தபோது, பன்னிரண்டு மேகசினின் பாரம் தாங்காமல் பட்டையோடு சேர்ந்து அவனுடைய கால்சட்டையும் கீழே இறங்க ஆரம்பித்தது. மீதி ஒன்பது தகட்டையும் ஒரு கையால் சுட்டான். இன்னொரு கை மானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஜூனைவிட ஐந்து வினாடி கூட என்று எழுதிய மேவிஸ், கரும்பலகையைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றாள். தோள் குலுங்கியதை வைத்துப் பார்த்தால் அழவில்லை.

வெண்டல் மறு வாரம் இன்னும் ஆறு வாங்கினான். பதினெட்டு. இந்த முறை அகலமான பட்டையும், அதைத் தாங்கத் தோள்வாரும். ஆனால் வீட்டில் புது சிக்கல். துப்பாக்கி அலமாரி நிறைந்துவிட்டது, ட்ரூடியோ துடைக்கிறேன் பேர்வழி என்று எல்லா இழுப்பறையையும் திறக்கிறவள். யோசித்து, வண்டிக்கொட்டகையில் இருந்த பெரிய ஃப்ரீசரைத் தேர்ந்தெடுத்தான். எல்க் மான் கறியைக் கட்டும் வெள்ளைத் தாளில் மும்மூன்றாகச் சுற்றி, மேலே 'கல்லீரல்' என்று எழுதி அடியில் வைத்தான். அந்த வீட்டில் கல்லீரலை யாரும் தொடமாட்டார்கள். தன் புத்தியை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

பெருமை ஆகஸ்ட் போட்டியன்று காலை வரை இருந்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராக மைதானத்துக்குக் கொண்டுவந்த பதினெட்டு மேகசினும் ஆகஸ்ட் வெயிலைக் கண்டதும் வியர்த்து ஒழுகின. ஈரத்தில் மைதானத்துப் புழுதி பூராவும் வந்து ஒட்டிக்கொண்டது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஆர்லோவின் முறை முடிந்துவிட்டது. ஓடிப்போய் எடுத்தான்.

19.

தன்னிடம் பதினெட்டு. அவரிடம் பத்தொன்பது. இது தற்செயலா? பதினெட்டு என்பது அவனுக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும், மேவிஸுக்குத் தெரியும். கடவுள் போய் ஆர்லோவிடம் சொல்லியிருக்க மாட்டார். மேவிஸை ஒரு முறை முறைத்துவிட்டுக் கோட்டில் நின்றான். முதல் மேகசின் புழுதியில் சிக்கியது. இரண்டாவது பாதியில் சிக்கியது. மூன்றாவது துப்பாக்கிக்குள்ளேயே போக மறுத்தது. பதினெட்டு கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்று அவன் நினைத்துக்கொண்டதுதான் அன்றைய வேடிக்கை. ஜூலையைவிட எட்டு வினாடி கூட.

"என்னய்யா ஆச்சு உனக்கு? வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று மேவிஸ் நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

"கடையில வாங்கறவன் விஷயத்த வெளிய சொல்றவங்க இருக்கறவரைக்கும் எல்லாருக்கும் பிரச்சனைதான்," என்றான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த சரக்குக்கு நூறு மைல் தள்ளி காஸ்பருக்குப் போனான், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கடைக்கு. எட்டு வாங்கினான். இருபத்தாறு. திரும்பி வரும்போது மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்க நின்றவனுக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து அந்த நெடி வந்தது. நகப்பூச்சை அழிக்கிற திரவம். ஆர்லோவின் மேகசினில் அடித்தது அதுதான். ஆக, மனிதர் ஒவ்வொன்றையும் அதில் முக்கிக் கழுவுகிறார். அதனால்தான் ஒன்றுகூடச் சிக்குவதில்லை. இத்தனை வைத்திருந்தும் ஒவ்வொன்றையும் அப்படிப் பேணுகிறாரே என்று நினைத்தபோது வெண்டலுக்கு வயிறு நிஜமாகவே எரிந்தது. நாலு புட்டி வாங்கினான்.

அதில் மூன்றைத் தீர்த்து எல்லாவற்றையும் கழுவி முடித்தான். நாலாவதை லாரி இருக்கைக்கடியில் மறந்துவிட்டான். அதைக் கண்டெடுத்தவள் ட்ரூடி. கல்யாணத்தன்று பூசியதற்கப்புறம் அவள் நகத்தில் சாயம் பூசியதே இல்லை.

சமையலறை மேசையில் புட்டியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"யாரு அவ?"

வெண்டல் யோசித்தான். இன்னொருத்தி இருக்கிறாள் என்று ஒத்துக்கொள்வதா, இருபத்தாறு மேகசின் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வதா. யோசித்தது சில நொடிகள்தான், ஆனால் ட்ரூடியின் கண் நிறைவதற்கு அது போதுமானதாக இருந்தது. பயந்துபோய் அவள் கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், ஃப்ரீசரைத் திறந்து, கல்லீரல் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினான்.

பிரித்த தாள் ஒன்றை எடுத்து ட்ரூடி 'கல்லீரல்' என்று வாய்விட்டுப் படித்தாள்.

"இதுல ரெண்டு பொட்டலத்த சர்ச் விருந்துக்குக் குடுக்கலாம்னு இருந்தேன்," என்றாள் கடைசியில். பிறகு, "பொம்பளையா இருந்தாகூட ஃப்ரீசர்ல எடத்த அடைச்சிருக்க மாட்டாய்யா."

"போட்டிக்குத் தேவப்படுது ட்ரூடி."

"போட்டிக்கு எத்தன தேவ?"

"ரெண்டு."

"மீதி?"

"மீதி ஆர்லோ பாக்கறதுக்கு."

எல்லாம் வெளியே வந்தது. பதினொன்று, பதினாலு, பத்தொன்பது. தான் எத்தனை வாங்கினாலும் அந்த மனுஷன் ஒரு படி மேலே நிற்பது. சாம்பியன் பட்டத்தைவிட, வாசல் வளைவில் ஏறப்போகும் பெயரைவிட, மாதாமாதம் குனிந்து அந்த எண்ணைப் பார்ப்பதுதான் தன்னைக் கொல்கிறது என்றான். ட்ரூடிக்குக் கோபம் போய் இரக்கம் வந்துவிட்டது. முப்பது வருஷத்தில் தனக்காக ஒருநாள்கூட இவன் இப்படிப் பொறாமைப்பட்டதில்லையே என்று ஓரத்தில் கொஞ்சம் வருத்தமும் வந்தது.

"அவர்கிட்டயே கேட்டுத் தொலையேன், எத்தன வச்சிருக்கீங்கன்னு."

"உங்கப்பாகிட்ட எத்தன மாடுன்னு யாராவது கேட்டிருக்காங்களா?"

ட்ரூடி மாட்டுப்பண்ணையில் பிறந்தவள். பொட்டலங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஃப்ரீசரைச் சாத்தினாள்.

செப்டம்பர் வந்தது. ஊரே மைதானத்தில் கூடியிருந்தது. வெல்டர் தகர எழுத்துகளை வண்டியின் பின்னால் சாக்கு போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தான். வெண்டல் பட்டையில் பன்னிரண்டு, மார்பில் கட்டிய உடுப்பில் பதினாலு என்று வந்து நின்றான். உட்கார முடியாது என்பதால் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தான். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. ஒவ்வொன்றும் கழுவிப் பளபளக்கிறது, ட்ரூடி வெளியே எடுத்ததற்கப்புறம் ஃப்ரீசர் பக்கமே போகவில்லை, மேவிஸுக்கும் எண்ணிக்கை தெரியாது. இருபத்தாறை எவனாலும் தாண்ட முடியாது.

ஆர்லோ சுட்டார். வாய்க்குள் தாளம், பன்னிரண்டு தகடு, பன்னிரண்டு வினாடி. அவருடைய வாழ்நாளிலேயே அதுதான் சிறந்த நேரம் என்று மேவிஸ் கைதட்டினாள். வெண்டல் பதறவில்லை. மே மாதம் இதைவிட வேகமாக முடித்தவன் அவன். குனிந்து, மேகசினை எடுத்து, பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

27.

பிறகு நடந்ததை அவன் எவ்வளவு தரம் நினைத்துப் பார்த்தாலும் ஒழுங்கான வரிசையில் நினைவுக்கு வருவதில்லை. மணி அடித்தது. நாலு தகடு விழுந்தது. ஐந்தாவது விழுவதற்குள், அவனுடைய மேகசினின் அடிப்பாகம் பிய்ந்து, மிச்சமிருந்த குண்டும் அதைத் தள்ளுகிற சுருள்கம்பியும் அவன் கால்சட்டை மேல் கொட்டின. ஆர்லோவின் அடித்தகடு அலுமினியம். காஸ்பரில் வாங்கியவற்றுக்கு மலிவு பிளாஸ்டிக். நகப்பூச்சுத் திரவத்தில் ஊறி வெல்லப்பாகாகியிருந்தது. இன்னொன்றை இழுத்தான், அதுவும் பிய்ந்தது. மார்பிலிருந்து அவன் உருவ உருவச் சுருள்கம்பிகள் துள்ளித் துள்ளிப் பார்வையாளர்கள் பக்கம் போயின. கடைசியில் கைக்கு அகப்பட்டது நாலாம் எண், இருபது வருஷப் பழசு. அதுதான் ஒழுங்காகச் சுட்டது.

மேவிஸ் அவன் நேரத்தைப் பலகையில் எழுதவில்லை. எழுத இடமில்லை என்று சொல்லிவிட்டாள். வெல்டர் சாக்கை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினான்.

போட்டிக்குப் பிறகு வழக்கம்போல விருந்து. பீன்ஸும் கறியும் போட்ட சில்லியும், தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை ரொட்டியும். வெண்டல் ஒரு மூலையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆர்லோவை எல்லோரும் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கூட்டத்தினூடே வெண்டலைத் தேடிப் பார்த்துச் சங்கடமாகத் தலையசைத்தார். வெண்டலும் அசைத்தான். போக வேண்டியதெல்லாம் போய்விட்டது, இனி மரியாதையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று தோன்றியது.

ரொட்டி பரிமாறிக்கொண்டு வந்தவள் ஆர்லோவின் மனைவி வில்மா. பத்து விரலிலும் சிவப்பு நகம்.

"வில்மா, கேக்கக் கூடாதுதான். வாத்தியார் மொத்தம் எத்தன மேகசின் வச்சிருக்கார்?"

அருகில் இருந்த இரண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ட்ரூடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூணு," என்றாள் வில்மா.

"நான் இருபத்தேழப் பாத்தேனே. அடியில."

"அய்ய, அதுவா," என்று வில்மா அவன் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். "அது போன மாசம் நீங்க எடுத்த செகண்டு. உங்களத் தோக்கடிக்கணும்னு அவருக்கு அவ்ளோ வெறி, மூணுலயும் அதத்தான் எழுதி வச்சுக்குவார், மாசாமாசம் என் நகப்பூச்சு மருந்தால அழிச்சு அழிச்சு. மே மாசம் நீங்க எடுத்த பதினொண்ண எழுதிட்டு, இந்த ஜென்மத்துல நம்மால முடியாது வில்மான்னு துப்பாக்கிய விக்கவே கெளம்பிட்டார். அதுக்கப்பறம்தான் என்ன புண்ணியமோ, நம்பர் தானா ஏறிக்கிட்டே போச்சு. ஏன்னுதான் எங்க ரெண்டு பேருக்கும் இன்னவரைக்கும் புரியல."